நான்கு நாளில் பூட்டப்படும்

அக்காவுக்கு,

இந்த மாதம் மூன்றாம் தேதி, காலை பத்தே காலுக்கு, என் அறையில், என் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கு இருந்த ஒரே நண்பரை நீ அழித்துவிட்டாய். நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன்.

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். நீ நலமா, மாமா நலமா, மாமா ஓட்டுகிற பேருந்து நலமா, உன் மகள் குட்டிக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா? நான் நலம். இதில் கடைசி இரண்டு வார்த்தை மட்டும் பொய். மற்றதெல்லாம் உண்மையாகவே கேட்கிறேன்.

இந்தக் காலத்தில் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைக்காதே, உத்தரவு உன்னுடையது. நீ ஊர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் போனில் மறுபடியும் கத்தினேன், ஒப்புக்கொள்கிறேன். நீ கத்தவில்லை. உன் வார்டில் நோயாளிகளிடம் பேசுகிற அதே குரலில், "இனிமே எங்கிட்ட போன்ல பேசாத. சொல்ல வேண்டியத எழுதி அனுப்பு. எழுதறதுதான உனக்கு வேலை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். இருபத்துமூன்று நாளாக எடுக்கவில்லை. மாமாவுக்கு அடித்தேன். அவர், "அக்கா தம்பி நடுவுல வண்டிய விட்டா ரெண்டு பக்கமும் எனக்குத்தான் பஞ்சர் ஆகும். நீ எழுதி அனுப்பு, நான் அவ கையில சேத்துடறேன்" என்றார். ஆகவே தபால் நிலையத்துக்கு உறை வாங்கப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், "எத்தன?" என்று கேட்டார். அந்த வாரத்தில் ஒரு மனிதர் வாயைத் திறந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. விரலைக் காட்டினேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் கணினிக்காரர்களுக்காக ஒரு மன்றம் தொடங்கினார். மன்றம் என்றால் கட்டடம் இல்லை, ஒரு வலைத்தளம். ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டு அங்கே தமிழில் எழுதிச் சண்டை போடலாம். என் பட்டப்பெயர் அரைப்புள்ளி. நிரல் எழுதும்போது அந்தப் புள்ளி ஒன்று விட்டுப்போனால் ஒரு நாள் முழுக்க நாசம், அதனால் வைத்தேன். நீ கேட்டதும், "பேர்லகூட பாதிதானா" என்றாய். ஒரு பேச்சை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போனால் அதற்குத் திரி என்று பெயர். நான் சேர்ந்தபோது நானூறு பேர் இருந்தார்கள். மற்ற முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் முட்டாள்கள் என்பதில் அத்தனை பேரும் ஒத்துப்போனார்கள். அது நல்ல காலம். பிறகு ஒவ்வொருவராகப் பெரிய பெரிய தளங்களுக்குப் போனார்கள். அங்கே கோடிப் பேர் இருக்கிறார்கள். ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழுவதற்கு முன்னால் மூன்றாமவர் கோபித்துக்கொண்டுவிடுவார். அந்தக் கோபத்துக்கு நடுவில் விளம்பரம் ஓட்டி எவனோ மாடிமேல் மாடி கட்டுகிறான். எங்கள் மன்றத்தில் விளம்பரம் கிடையாது. அதனாலேயே நடத்தியவரும் கைவிட்டுவிட்டார். அவர் கடைசியாக உள்ளே வந்தது நான்கு வருடத்துக்கு முன்பு என்று அவர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. செருப்பு விற்கும் போலிக் கணக்குகள் கூட்டமாக நுழைந்ததால், போகிற போக்கில் புது ஆள் சேர்க்கையை மூடிவிட்டுப் போனார். மின்னஞ்சல் அனுப்பும் வசதியும் அப்போதே செத்தது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று சொன்னால், உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டோம் என்று இன்றும் கூசாமல் பொய் சொல்லும். ஒன்றும் வராது. உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே போனவர் வெளியே. கடைசியில் உள்ளே மிஞ்சியது இரண்டு பேர். நானும் ஆமையும்.

ஆமை என்பது அவர் பட்டப்பெயர். எந்த ஊர், என்ன வயது, எதுவும் எனக்குத் தெரியாது. நிரல் எழுதுகிறவர், என் வயதுதான் இருக்கும் என்று நானே வைத்துக்கொண்டேன். ஆறு வருடத்துக்கு முன் 'என் பிரவுசர் ஏன் மெதுவாக இருக்கிறது?' என்று ஒரு திரி தொடங்கினார். நான் உள்ளே போய், நீங்கள் வைத்திருக்கும் பிரவுசர் அப்படி என்றேன். அன்று ஆரம்பித்த சண்டை. அவர் பெரிய கம்பெனியின் பிரவுசர்தான் வேகம் என்பார். அது வேகமாக ஓடுவது உங்கள் வீட்டு விவரத்தை அள்ளிக்கொண்டு என்பேன் நான். சம்பளம் வாங்காதவர்கள் சேர்ந்து எழுதிய பிரவுசர் என்னுடையது. அது அடிக்கடி படுத்துக்கொள்ளும். படுத்தாலும் என்னை விற்காது. இதை எழுநூறு விதமாக அவருக்கு எழுதியிருக்கிறேன். அவர் எழுநூறு தடவையும், "இருந்தாலும் மெதுவுதானே" என்று பதில் எழுதினார்.

அந்த மன்றத்தில் ஒரு விதி உண்டு. முப்பது நாள் யாரும் எழுதாத திரியை மென்பொருளே பூட்டிவிடும். பூட்டினால் நிர்வாகிதான் திறக்க வேண்டும், அவர்தான் போய்விட்டாரே. ஒரே ஆள் அடுத்தடுத்து எழுதினால் செல்லாது, இரண்டாவதை முதலாவதோடு ஒட்டி ஒன்றாக்கிவிடும். ஆகவே ஒரு திரி உயிரோடு இருக்க இரண்டு பேர் வேண்டும். இது தெரிந்த நாளிலிருந்து முறை வைத்துக்கொண்டோம். ஒரு நாள் அவர், ஒரு நாள் நான். எழுத ஒன்றும் இல்லாத நாளில் 'உங்கள் முறை' என்று மட்டும் எழுதுவோம். இதற்குப் பெயர் நட்பாடா என்று கேட்டாய். உன் வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் கிடக்கிற இரண்டு பேர், பேச்சுவார்த்தை எதுவும் இல்லாமலே, விடிந்ததும் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொள்வார்கள் என்று நீதானே சொல்வாய்? அதற்கு என்ன பெயரோ அதுதான் இதற்கும்.

வேறு மனிதர்களே கிடைக்கவில்லையா என்றும் கேட்டாய். இருந்தார்கள். போன வருடம் கம்பெனி அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு, இனி அவரவர் வீட்டிலிருந்தே வேலை, இது உங்கள் சுதந்திரம் என்றது. என் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் இரண்டடி சுதந்திரம் இருக்கிறது, நீயே பார்த்தாய். கூட வேலை செய்தவர்கள் திரையில் வட்ட வட்டப் படங்களாக மாறினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எட்டு வட்டம் சாம்பல் நிறமாகிவிட்டது. பத்து மணிக்கு மேலாளர் வந்து, நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று ஆரம்பித்தார். எட்டுப் பேரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே மிஞ்சியவர்களைப் பார்த்துக் குடும்பம் என்று சொல்கிற துணிச்சல் நம் பெரியப்பாவுக்குக்கூட வராது. இப்போது எனக்குக் கொடுத்திருக்கிற வேலை என்ன தெரியுமா? சந்தாவை நிறுத்த வருகிறவர் நிறுத்த முடியாதபடி செய்வது. 'நிறுத்து' என்ற பொத்தானை ஆறாவது பக்கத்தில், கண்ணுக்கு எட்டாத நிறத்தில் வைப்பது. அதற்கு முன்னால், எங்களை விட்டுப் போகிறீர்களா என்று ஒரு பொம்மையை அழவிடுவது. அந்தப் பொம்மையின் கண்ணீர் எவ்வளவு மெதுவாக வழிய வேண்டும் என்று மூன்று வாரம் கூட்டம் போட்டோம். போன எட்டுப் பேருக்காக மூன்று நிமிடம் யாரும் கூட்டம் போடவில்லை. நானும் கேட்கவில்லை. என் வட்டம் இன்னும் நிறத்தோடு இருக்கிறதல்லவா.

நீ எதற்கு வந்தாய் என்பதும் எனக்குத் தெரியும். பதினொரு நாள் நான் போனை எடுக்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எடுத்தால், "என்னடா பண்ற" என்பாய். சொல்ல எதுவும் இருக்காது. அதனால் எடுக்கவில்லை. நீ பையோடு வாசலில் நின்றாய். அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எங்க ஆஸ்பத்திரி பிணவறையே தேவல, அங்க தினம் கூட்டுவாங்க" என்றாய். இரண்டே நாளில் தலையணை உறையின் நிறம் வெள்ளை என்று தெரியவந்தது. ஜன்னல் திறந்தது. அது திறக்கிற ஜன்னல் என்பதே எனக்குத் தெரியாது. சுவரில் ஒட்டிய கண்ணாடி என்று நினைத்து ஒன்றரை வருடம் வாழ்ந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலையில் உன் மருத்துவமனைத் தளத்தில் ஏதோ விண்ணப்பம் போட வேண்டும் என்றாய். என் கணினியைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். உன் தளம் என் பிரவுசரில் இயங்க மறுத்தது. அதைக் கட்டியவனை எனக்குத் தெரியாது, ஆனால் அவன் வேலை செய்கிற விதம் தெரியும். நூற்றுக்கணக்கான நர்ஸ்கள் அவசரத்தில் திறக்கிற தளத்தை, தன் ஒரு கணினியில், ஒரே ஒரு பிரவுசரில் திறந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன். நீ உங்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் போட்டாய். அவன், "ஹிஸ்டரி, குக்கீ எல்லாத்தையும் அழிச்சிட்டு மூடித் திறங்க மேடம்" என்றான். நீயும் அழித்துவிட்டு மூடித் திறந்தாய். நூற்று நாற்பத்து மூன்று டேப் திறந்திருந்தது, அக்கா. பிறகு படிக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தது. அதில் நூற்று நாற்பத்திரண்டை இந்த ஜென்மத்தில் படித்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம். மிச்சம் ஒன்றில்தான் ஆமை இருந்தார். குக்கீ என்பது ஒரு தளம் நம் கணினிக்குள் செருகி வைக்கிற அடையாளச் சீட்டு. அது இருக்கிற வரை வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். அந்தச் சீட்டை வைத்துத்தான் ஆறு வருடம் உள்ளேயே கிடந்தேன். பாஸ்வேர்டு எந்தக் காலத்திலோ மறந்துபோயிற்று. நீ அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டாய்.

நான் துண்டைக் கட்டிக்கொண்டு ஈரத்தோடு நின்று கத்தியதற்கு நீ ஒன்றுதான் சொன்னாய். "நீதானடா சொல்லிக் குடுத்த. எது வேலை செய்யலன்னாலும் எல்லாத்தையும் அழிச்சிட்டு மூடித் திறன்னு பத்து வருஷமா நீதான சொல்ற." உண்மைதான். எங்கள் தொழிலில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வது அது. தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரையை எடுத்து நீட்டுகிற மருந்துக் கடைக்காரர் மாதிரி. நீ எதற்குப் போன் செய்தாலும் பாதியில் வெட்டி அதைச் சொல்லியிருக்கிறேன். சொன்னால் போனைச் சீக்கிரம் வைத்துவிடலாம்.

அன்று மத்தியானமே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். என்ன விண்ணப்பம் என்று நான் கேட்கவே இல்லை. போன வாரம் மாமா சொன்னார். "இன்னும் நாலு நாள் உங்கூட இருக்கணும்னு லீவு கேட்டிருந்தாப்பா. குடுத்துட்டாங்க. இங்க வந்து நாலு நாளும் அலமாரிய அடுக்கிட்டு இருந்தா." இதைக் கேட்ட பிறகு கடிதத்தின் முதல் வரியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விடவில்லை. அதுவும் நடந்தது, இதுவும் நடந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. நினைவில் இருக்கிற பாஸ்வேர்டு எல்லாம் போட்டுப் பார்த்தேன், நம் பழைய வீட்டுக் கதவு எண் உட்பட. நிர்வாகியின் பழைய முகவரிக்கு எழுதினேன், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. கோடிப் பேர் இருக்கிற பெரிய தளம் ஒன்றில் போய், இந்த மாதிரி ஆகிவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஒருவர், இந்தக் கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டது என்றார். இன்னொருவர், இன்னுமா அந்தக் காலத்து மன்றத்தில் இருக்கிறாய் என்று சிரித்தார். மூன்றாமவர்தான் அக்கறையோடு பதில் எழுதினார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மூடித் திறக்கச் சொன்னார்.

திரியை வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எழுதத்தான் உள்ளே இருக்க வேண்டும். அதனால் தினமும் போய்க் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறேன். மூன்றாம் தேதி ஆமை, 'உங்கள் முறை' என்று எழுதினார். ஐந்தாம் தேதி அதோடு, 'உங்கள் முறைதான்' என்பது ஒட்டிக்கொண்டது. ஒன்பதாம் தேதி, 'விடுமுறையா?' பதினான்காம் தேதி, 'எங்கள் பிரவுசர் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. பறக்கிறது.' நான் திட்ட வருவேன் என்று போட்டிருக்கிறார். இருபதாம் தேதி எழுதியதுதான் தாங்க முடியவில்லை. 'உங்கள் பிரவுசரை இறக்கிப் பார்த்தேன். பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.' ஆறு வருடத்தில் அவர் என்னிடம் தோற்றது அதுதான் முதல் தடவை. என்னை வரவழைப்பதற்காகத் தோற்றிருக்கிறார். நேற்று ஒரு புள்ளி மட்டும் இருந்தது. இன்றோடு இருபத்தாறு நாள். இன்னும் நான்கு நாளில் பூட்டிவிடும்.

இப்போது நீ செய்ய வேண்டியது. இரண்டு வருடத்துக்கு முன் குட்டிக்குப் படம் வரையக் கொடுத்த என் பழைய லேப்டாப் உன் வீட்டில் இருக்கிறதல்லவா, மூடியில் 'எதையும் அப்டேட் செய்யாதே' என்று நான் காகிதம் ஒட்டிக் கொடுத்தது? அதில் என் சீட்டு இன்னும் இருக்கலாம். திற. மூன்று பெட்டி குதிக்கும். முதலாவது, புதிய பதிப்பு தயார் என்று பெரிய நீலப் பொத்தானைக் காட்டும். தொடாதே. கீழ் மூலையில் எறும்பு அளவில் 'பிறகு' என்று இருக்கும், அதைத் தொடு. இரண்டாவது, உன் கணினி ஆபத்தில் இருக்கிறது என்று மிரட்டும். இல்லை. மூன்றாவது, உன் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று கொஞ்சும். முக்கியம் இல்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், இந்தப் பெட்டிகளைச் செய்துதான் நான் சாப்பிடுகிறேன். பிறகு நட்சத்திரக் குறியைத் தொட்டால் திரி வரும். மேல் மூலையில் அரைப்புள்ளி என்று பெயர் தெரிந்தால், அடியில் இருக்கிற பெட்டியில் 'உங்கள் முறை' என்று எழுது. இரண்டே வார்த்தை. வேறு எதுவும் எழுதாதே. குறிப்பாக நலம் விசாரிக்காதே. நாங்கள் அப்படிப் பழகவில்லை.

மாமாவுக்கு என் வணக்கம், அவருக்கு நல்ல டயராக அமையட்டும். குட்டிக்கு முத்தம். உனக்கு என்ன எழுதி முடிப்பது என்று தெரியவில்லை. ஜன்னலை இன்னும் மூடவில்லை.

உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் வழக்கம்போல் திரியைப் பார்த்தேன். பதினேழு புதுப் பதிவுகள் இருக்கின்றன. அதில் ஒன்பது அரைப்புள்ளி எழுதியவை. அந்த அரைப்புள்ளி நான் இல்லை.

"வணக்கம். நான் இவனோட அக்கா. இவன் உள்ள வர முடியாம போனது என்னாலதான். நீங்க யாரு, சாப்பிட்டீங்களா?" என்று, நான் சொல்லாமலே, குட்டியின் லேப்டாப்பிலிருந்து ஆரம்பித்திருக்கிறாய். ஆறு வருடத்தில் நான் கேட்காததை. நான்கே நிமிடத்தில் ஆமை பதில் எழுதியிருக்கிறார். சாப்பிட்டாராம். அறுபத்துமூன்று வயதாம். லிஃப்ட் பழுதுபார்க்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவராம், நிரலுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லையாம். முழங்கால் தகராறு, அதனால் மனைவி வைத்த பெயர்தான் ஆமை, அந்த அம்மா இப்போது இல்லை. "பிரவுசர் ஏன் மெதுவாக இருக்கிறது என்று ஒரு சந்தேகம் கேட்க வந்தேன். உங்கள் தம்பி சண்டைக்கு வந்தார். வீட்டில் சண்டை போட ஆள் இல்லாத நேரம், அப்படியே தங்கிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். நீ அவருக்கு முழங்காலுக்கு என்ன பயிற்சி என்று இரண்டு பதிவு எழுதியிருக்கிறாய். அடுத்து, எல்லாத்தையும் அழிச்சிட்டு மூடித் திறங்கன்னு யாராவது சொன்னா மட்டும் கேக்காதீங்க என்று எச்சரித்திருக்கிறாய். பிறகு இருவரும் என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். தம்பி நலமா என்று கேட்கிறார். "நலம்னுதான் எழுதுவான்" என்கிறாய்.

ஆகவே மேலே எழுதியது எதுவும் செல்லாது, முதல் வரி உட்பட. கடைசிப் பதிவு ஆமையுடையது, இப்போதுதான் வந்திருக்கிறது. 'அவர் முறை என்று அவரிடம் சொல்லுங்கள்.' அதற்குக் கீழே என் திரையில் எழுதுகிற பெட்டி சாம்பல் நிறத்தில் இருக்கிறது. நீ லேப்டாப்புக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாய், போன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நான் கூப்பிட்டு நான்கு தடவை முழுதாக அடித்து நின்றுவிட்டது. இது ஐந்தாவது.

போனை எடு, அக்கா.